திருக்கைக்குத் தொண்ணூற்றாறு, செடிக்கு ஒன்று

அந்த அரசுத் துறையில் இருபத்தாறு ஆண்டுகளாக ஏறுமுகத்தில் இருந்தது திருக்கை மீன் மட்டும்தான். மற்றதெல்லாம் இறங்குமுகம். ஆமை குறைந்தது, நாரை குறைந்தது, கடற்புல் குறைந்தது. துறையின் ஜீப்புகள்கூட மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்தன. அந்த ஒன்றும் நாலு பேர் தள்ளினால்தான் கிளம்பும். ஆண்டறிக்கையில் எல்லாக் கோடுகளும் படியில் உருண்ட தகர டப்பாவைப் போலக் கீழே போக, திருக்கையின் கோடு மட்டும் வருடத்துக்கு அரை விரற்கடை மேலே ஏறும். அழிந்துவரும் உயிர்களைக் காப்பாற்றுவதற்கென்றே ஏற்பட்ட துறைக்கு, எதையோ காப்பாற்றியதாகக் காட்டிக்கொள்ள அந்த ஒரு கோடுதான் கதி. அந்தக் கோட்டை இழுத்த கைக்குச் சொந்தக்காரரை எல்லோரும் திருக்கைக்காரர் என்று கூப்பிட்டார்கள். அவருக்கும் அதில் பெருமைதான்.

காலை ஆறு மணிக்கெல்லாம் மீன் இறங்குதளத்தில் இருப்பார். ரப்பர் பூட்ஸ், காதில் செருகிய பென்சில், மடியில் நீளமான நோட்டு, உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. படகுகளிலிருந்து கொட்டுகிற திருக்கைகளை ஈரச் சிமெண்டுத் தரையில் பரப்பி வைப்பார்கள். அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணுவார். பெரியது இடது பத்தியில், சின்னது வலது பத்தியில், அடியில் கூட்டுத்தொகை. அந்தக் கூட்டுத்தொகை அலுவலகத்துக்குப் போகும். கரையில் செத்துக் கிடப்பதை எண்ணிக் கடலில் உயிரோடு இருப்பதைச் சொல்வது எப்படி என்று கேட்கக்கூடாது. இடுகாட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊரின் மக்கள்தொகையைக் கணக்கெடுக்கிற முறை அது. துறை அதை விஞ்ஞானம் என்று ஏற்றுக்கொண்டிருந்தது.

கடலுக்குள் அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை. படகில் கால் வைத்தால் குடல் வாய்வரைக்கும் வந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் யாரோ வற்புறுத்தி ஏற்றியபோது, கட்டிப் போட்டிருந்த படகிலேயே வாந்தி எடுத்தார். அதன்பிறகு கடல் தன்னிடம் வரட்டும், தான் கடலிடம் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். கடலும் பெருந்தன்மையோடு தினமும் காலை ஆறு மணிக்கு வந்துகொண்டிருந்தது.

அவருடைய கண்டுபிடிப்பு ஒன்று துறையில் பிரசித்தம். பெரிய திருக்கையும் குட்டித் திருக்கைகளும் எப்போதும் ஒரே குவியலில் கிடப்பதைப் பார்த்து, 'திருக்கை குடும்பம் குடும்பமாகத் திரியும் பாசமுள்ள மீன். தாய் பிடிபட்டால் பிள்ளைகளும் உடன் வந்துவிடுகின்றன' என்று எழுதியிருந்தார். படித்த இயக்குநருக்குக் கண்ணே கலங்கிவிட்டதாம். குட்டிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதால் இனம் செழிக்கிறது என்றும் எழுதினார். அதற்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அது கண்ணாடிச் சட்டம் போட்டு, அவர் வீட்டுக் கூடத்தில் டிவிக்கு மேலே தொங்கியது. வீட்டுக்கு வருபவர்கள் டிவி பார்க்க வேண்டுமென்றால் முதலில் அதைப் பார்த்தாக வேண்டும்.

அவர் மனைவியும் அதே துறைதான், செடிப் பிரிவு. மேசைக்கு மேசை எட்டடி தூரத்தில் பார்த்துப் பழகி, இரண்டு வீட்டாரும் பேசி முடித்த கல்யாணம். அலுவலகத்தில் அவளைச் செடியம்மா என்பார்கள். செடி என்றால் பல செடி என்று நினைத்துவிட வேண்டாம். அவள் பொறுப்பில் இருந்தது ஒரே ஒரு வகைதான். இறங்குதளத்தை ஒட்டிய குடாவுக்கு வடக்கே இருக்கிற மணல்மேட்டில் மட்டும் வளர்கிற, முழங்கால் உயரத்தைத் தாண்டாத, சாம்பல் பூத்த இலையுடைய ஒரு செடி. வருடத்தில் ஏழு நாள் நீலப் பூ பூக்கும். காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மேட்டில் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு என்று அவளுக்கு முன்னால் இருந்தவர் எண்ணி வைத்திருந்தார். அவளும் பல ஆண்டுகள் அதையே எண்ணி அதையே எழுதினாள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு புயல் வந்து மேட்டின் பாதி மணலைச் சுரண்டிக்கொண்டு போனது. மறுநாள் போய்ப் பார்த்தவள் நாலு நாள் வீட்டுக்குச் சாப்பிட மட்டும் வந்தாள். கையாலேயே தோண்டியிருக்கிறாள். வேர் பிடித்து வேர் போய், அத்தனை தண்டும் அடியில் ஒரே கிழங்கில் போய் முடிந்தது. பரிசோதனைக்கூடத்துக்கு நாற்பது இலை அனுப்பினாள். நாற்பதும் ஒரே செடியின் இலைகள் என்று பதில் வந்தது. பூக்கிற செடி ஏன் ஒரு தடவைகூடக் காய்க்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத ரோஷக்காரச் செடி அது. மகரந்தம் தர இன்னொரு செடி உலகத்திலேயே இல்லை. அந்த வருடப் படிவத்தில், எண்ணிக்கை என்ற கட்டத்தில், அவள் 1 என்று எழுதினாள்.

அவ்வளவுதான், வந்தது வினை. தன் பொறுப்பில் இருந்த நானூற்றுப் பதினொரு செடிகள் காணாமல் போனதற்கு விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. 'அவை ஒருபோதும் இருந்ததில்லை' என்று ஒரு வரியில் பதில் எழுதினாள். அப்படியானால் இத்தனை ஆண்டுகள் நாம் பாதுகாத்தது எதை என்று இயக்குநருக்குக் கோபம் வந்தது. நியாயமான கேள்விதான், ஆனால் அதை அவர் தன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கடைசியில், 'மேற்படி செடிகள் கிடைக்கும்வரை மேற்படி அலுவலரின் பதவி உயர்வு நிறுத்தி வைக்கப்படுகிறது' என்று உத்தரவு போட்டார்கள்.

அன்று மத்தியானம் அலுவலகக் கேன்டீனில் திருக்கைக்காரர் ஒரு நகைச்சுவை சொன்னார்.

"கோடாலி இல்ல, அரிவாள் இல்ல. என் வீட்டம்மா ஒரே ஒரு பேனாவை வெச்சுக்கிட்டு நானூத்திப் பதினொரு செடியைச் சாய்ச்சுட்டா!"

மேசை முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது, பின்னால் டீ வாங்க நின்றிருந்த மனைவியை அவர் பார்த்தார். அவள் டீயை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வீட்டிலும் ஒன்றும் சொல்லவில்லை. அழுதிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். நாலு வார்த்தை சமாதானம் சொல்லி முடித்திருக்கலாம். அவள் அந்த வசதியைத் தரவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேரும் வீட்டில் வேறு எல்லாவற்றையும் பேசினார்கள், எண்ணிக்கையைத் தவிர.

திருக்கைக்காரர் ஓய்வுபெற ஐந்து மாதம் இருக்கும்போது புதிய படகுத்துறை வந்தது. வந்தது என்றால் கடிதம் வந்தது. பெரிய சரக்குப் படகுகள் நிற்க ஒரு படகுத்துறை கட்ட வேண்டும். ஒன்று குடாவில் கட்டலாம், இல்லையென்றால் வடக்கு மணல்மேட்டை வெட்டிக் கட்டலாம். குடாவில் திருக்கை இருக்கிறது, மேட்டில் செடி இருக்கிறது. இரண்டில் எது அதிக ஆபத்தில் இருக்கிறதோ அதை விட்டுவிட்டு மற்றதன் தலையில் கட்டலாம் என்று சட்டம். ஆகவே இரண்டையும் ஒப்பிட்டு அறிக்கை தர வேண்டும். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அதற்குப் படிவம் அச்சடித்து வைத்திருப்பது இந்தத் துறையில் மட்டும்தான்.

படிவம் ஏதோ கால்நடை இலாகாவிலிருந்து கடன் வாங்கியது போலிருந்தது. பதினெட்டுக் கட்டங்கள். இடது பக்கம் செடி, வலது பக்கம் திருக்கை. 'இடம்பெயரும் திறன்' என்ற கட்டத்தில் மனைவி 'இல்லை' என்று எழுதினாள். 'அலுவலர்களுடன் ஒத்துழைப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'ஓடுவதில்லை' என்று எழுதினாள். எண்ணிக்கைக் கட்டத்தில் பழையபடி 1. திருக்கைக்காரர் தன் பக்கத்தில் 670 என்று எழுதினார். குடாவில்தான் படகுத்துறை என்று முக்கால்வாசி முடிவாகிவிட்டது. அறுநூற்று எழுபது இருக்கிற, வருடா வருடம் ஏறுகிற மீனுக்கு என்ன ஆபத்து? அவருக்கு உள்ளூர வருத்தம்தான். எண்ணியே பழகினாலும் பாசம் வரத்தான் செய்யும். ஆனால் என்ன செய்வது, தன் கையெழுத்தே தன் மீனுக்கு எதிர்சாட்சி.

பதினோராவது கட்டத்தில் மாட்டிக்கொண்டார். 'குட்டி ஈனும் இடமும் சூழ்நிலையும்' என்று இருந்தது. திருக்கை முட்டையிடாது, குட்டிதான் போடும் என்பது தெரியும். எங்கே போடும் என்று யாரும் கேட்டதில்லை. மறுநாள் காலை தளத்தில், முப்பது வருடமாக வலை போடுகிற படகுக்காரர் ஒருவரிடம் போனார்.

"ஏன்ப்பா, இந்தத் திருக்கை எங்க குட்டி போடுது?"

படகுக்காரர் வலையை உதறிக்கொண்டே அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இதோ, இங்கதான் சார்."

"எங்க?"

"படகுல. புடிச்சு மேல தூக்கிப் போட்டோம்னா பயத்துலயே போட்டுடும். மாசம் ஆகியிருக்காது. இருந்தாலும் போட்டுடும். பாதி செத்தே விழும், மீதி கொஞ்ச நேரம் துடிக்கும்."

"அப்ப இந்தக் குட்டிங்க... வலையில தாயோட சேர்ந்து வர்றதில்லையா?"

"குட்டி எங்க சார் வலைக்கு வருது? தாய் வயித்துல இருக்கறதுதான் வருது. முன்னாடி நாங்க வெளிக்கடல்ல வலை போட்டோம், ஆணும் பொண்ணுமா வரும். இப்ப அங்க ஒண்ணும் இல்ல. குடாவுக்குள்ள பிரசவத்துக்கு வர்ற தாயைத்தான் புடிக்கறோம். அதான் குட்டி அதிகமா தெரியுது." குனிந்து ஒரு குட்டியைப் புரட்டிக் காட்டினார். "வயித்துல பாருங்க, மஞ்சப் பை இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. உள்ள சாப்பிட்டுக்கிட்டிருந்தது தீரவே இல்ல."

அந்த மஞ்சள் பையைத் திருக்கைக்காரர் இருபத்தாறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாவது நோட்டில், 'உணவு: மஞ்சள் நிறப் பண்டம், ஆய்வுக்குரியது' என்று எழுதியும் வைத்திருந்தார்.

"இது எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"கடலுக்குப் போறவங்க எல்லாருக்கும் தெரியும் சார். நீங்க கேக்கவே இல்லியே. உங்க பாட்டுக்கு எண்ணிக்கிட்டிருந்தீங்க. படிச்சவரு, ஏதோ காரணமாத்தான் எண்ணறாருன்னு நாங்களும் விட்டுட்டோம்."

பாசமுள்ள மீன். பிள்ளைகளும் உடன் வந்துவிடுகின்றன. திருக்கைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். படகில் ஏறாமலேயே குடல் வாய்வரைக்கும் வந்தது. அன்று அவர் எண்ணவில்லை. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகத் தளத்தில் திருக்கைகள் எண்ணப்படாமல் விற்றுப் போயின. கடலில் அதனால் ஒரு வித்தியாசமும் ஏற்படவில்லை.

சனிக்கிழமை காலை கட்டிலுக்கு அடியிலிருந்து இருபத்தாறு நோட்டுகளையும் இழுத்துச் சாப்பாட்டு மேசையில் அடுக்கினார். அலுவலகத்துக்குப் போனது கூட்டுத்தொகை மட்டும்தான். இடது பத்தியும் வலது பத்தியும் இந்த நோட்டுகளில் தனித்தனியாக இருந்தன. குட்டிகளைக் கழித்துவிட்டுத் தாய்களை மட்டும் கூட்ட வேண்டும். மனைவி வந்து எதிரே உட்கார்ந்தாள். விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் சிரித்திருந்தால் நியாயம்தான். அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் நோட்டைப் பிரித்தாள்.

"நான் வாசிக்கறேன், நீங்க கூட்டுங்க."

முதல் வருடம் பெரியது ஐந்நூற்று நாற்பது. இரண்டாவது வருடம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு. அவள் ஒரே சீரான குரலில் வாசித்துக்கொண்டே போனாள். ஜனவரி முப்பத்தெட்டு, பிப்ரவரி முப்பத்தொன்று. பத்தாவது நோட்டில் வருடத்துக்கு முந்நூறு. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை அவருடைய சொந்தக் கையெழுத்தில், தேதி போட்டு, அடிக்கோடு இழுத்து, இருபத்தாறு வருடமாக அவர் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது. அதன் மேல்தான் அவர் படுத்துத் தூங்கியிருக்கிறார், நன்றாகவே தூங்கியிருக்கிறார்.

பதினேழாவது நோட்டை அவள் எடுத்தபோது அவருக்கு ஒன்று உறைத்தது. பென்சிலை வைத்துவிட்டார்.

"போதும், நிறுத்தும்மா."

"ஏன்?"

"இந்தக் கணக்கு வெளிய போனா, குடாவை விட்டுட்டு மேட்டுக்கு வந்துடுவாங்க. உன் செடி போயிடும்."

"எப்படிப் போகும்? உங்களுது எவ்வளவு குறைஞ்சாலும் ஒண்ணுக்குக் கீழ வராது. ஒண்ணைவிடக் குறைவா எதுவும் இல்ல. ஆபத்து எனக்குத்தான் அதிகம்."

"கணக்குப்படி அப்படித்தான். ஆனா கணக்குப் பார்க்கப்போறது நம்ம ஆபீசு."

அவள் கொஞ்ச நேரம் நோட்டின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். அவருக்கு அப்போது மனசு நிறைய ஆசை இருந்தது. பேசாமல் இருந்துவிட்டால் போதும். நோட்டுகளைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டால், ஐந்து மாதத்தில் மாலை போட்டு அனுப்பி வைப்பார்கள். மானமும் மிஞ்சும், மனைவியின் செடியும் மிஞ்சும். நஷ்டப்படுவது திருக்கை மட்டும்தான். அது விளக்கம் கேட்டுக் கடிதம் போடாது. ஒரு பொய்யில் இத்தனை புண்ணியம் ஒன்றாகக் கிடைப்பது அபூர்வம்.

"உனக்காகத்தான் சொல்றேன்," என்றார்.

"எனக்காக வேணாம்." அவள் குரல் உயரவில்லை. "ஒண்ணா இருந்ததை ஒண்ணுன்னு எழுதினேன். அதுக்கு நீங்க சிரிச்சீங்க. இப்ப நூறோ இருநூறோ இருக்கறதை அறுநூத்தி எழுபதுன்னு எழுதிட்டு, அதை என் தலையில வைக்காதீங்க. என் செடிக்கு அந்த உதவி வேண்டியதில்லை."

ஒன்பது வருடம் கழித்து அந்தச் சிரிப்பு மேசைமேல் வந்து உட்கார்ந்தது. அவர் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார்.

"பதினேழாவது நோட்டு," என்றாள் அவள். "ஜனவரி, பத்தொம்பது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முடிந்தது. கடைசி வருடம் தாய் தொண்ணூற்றாறு, குட்டி ஐந்நூற்று எழுபத்து நாலு. குட்டி என்ற சொல்லை அடித்துவிட்டு 'பிறக்காதவை' என்று எழுதினார். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

வெள்ளிக்கிழமை கூட்டம். நீள மேசை, அதன்மேல் பச்சைத் துணி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். படகுத்துறைக்கு இடம் முடிவுசெய்யும் குழுவின் தலைவர் வெளியிலிருந்து வந்தவர். கடலைக் காலண்டரில் பார்த்து அதன்மீது மரியாதை வைத்திருந்தார். பக்கத்தில் இயக்குநர். திருக்கைக்காரர் எழுந்து நின்று, இருபத்தாறு வருடமாகத் தான் எழுதியது தவறு என்று சொன்னார். எப்படித் தவறு, எவ்வளவு தவறு, தாய் எத்தனை, பயத்தில் விழுந்த குட்டி எத்தனை என்று நோட்டைப் பார்த்து வாசித்தார். இயக்குநரின் முகம் அந்த ஒரே ஏறுமுகக் கோட்டுக்குத் துக்கம் கொண்டாடியது. தலைவர் மட்டும் ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

"அருமை! தன் தப்பைத் தானே ஒத்துக்கறது எவ்வளவு பெரிய விஷயம்! நானூத்தி நாப்பத்தி நாலு குறைஞ்சிருக்கு. ரொம்ப ஆபத்தான நிலைமை. சரி, இப்ப செடிக்கு வருவோம். மேடம், ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி எத்தனை?"

"ஒண்ணு சார்."

"இப்ப?"

"ஒண்ணு."

"அப்ப குறையவே இல்ல!"

"குறையறதுக்கு இல்ல சார். ஒண்ணு குறைஞ்சா ஒண்ணுமே இல்ல."

"அதைத்தான் நானும் சொல்றேன், குறையல." தலைவர் செடியின் கட்டத்தில் 'நிலையானது' என்று எழுதிக்கொண்டார். பிறகு படிவத்தைத் தூக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் சட்டை வாங்குபவரைப் போலப் பார்த்தார். "இப்ப ஒப்பிட்டுப் பார்ப்போம். குடாவில கட்டினா நமக்கு இழப்பு தொண்ணூத்தாறு. மேட்டில கட்டினா இழப்பு எவ்வளவு? ஒண்ணே ஒண்ணு."

இயக்குநர் மெதுவாகத் தலையாட்டினார்; அவர் முகத்தில் புதிய ஏறுமுகம் தெரிந்தது. ஒரே ஒரு உயிர் இழப்போடு முடிகிற திட்டம் என்று அறிக்கையில் எழுதலாமே!

"சார், அந்த ஒண்ணு போனா இனமே போச்சு. உலகத்துல வேற இல்ல," என்றார் திருக்கைக்காரர்.

"நீங்க உங்க மீனுக்காகப் பேசினீங்க, ஜெயிச்சுட்டீங்க. அப்புறம் என்ன சார்? எல்லாத்துக்கும் ஆசைப்படக்கூடாது." தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷம் டீ. வந்து கையெழுத்துப் போட்டுடுவோம்."

வராந்தாவில் இயக்குநர் இரண்டு பேரையும் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். கெட்ட மனிதர் இல்லை. யாருக்கும் கஷ்டம் இல்லாமல் எல்லாம் நடக்க வேண்டும் என்று நினைக்கிறவர். அந்த மாதிரி ஆட்களால்தான் பாதிக் கஷ்டம் வருகிறது.

"அன்னிக்கே நானூத்திப் பன்னெண்டுன்னு விட்டிருந்தா இந்த வம்பே இல்லியே மேடம். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. தண்டுக்குத் தண்டு தனிச் செடின்னு எழுதிக் குடுங்க. இழப்பு நானூத்திப் பன்னெண்டுன்னு ஆயிடும், தொண்ணூத்தாறைவிட அதிகம். படகுத்துறை தானா குடாவுக்குப் போயிடும். காணாமப்போன செடியும் கிடைச்ச மாதிரி ஆச்சு, அந்தப் பதவி உயர்வையும் பார்த்துடலாம்."

சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். வராந்தாவில் புருஷனும் பெண்டாட்டியும் நின்றார்கள். அவள் கையில் படிவம் இருந்தது.

திருக்கைக்காரருக்கு அந்தத் தொண்ணூற்றாறு தாய்களும் கண்முன் வந்தன. அவற்றைப் போலப் பிரசவத்துக்குக் குடாவுக்குள் இனி வரப்போகிறவையும் வந்தன. அவற்றுக்காகத்தான் இருபத்தாறு வருட மானத்தைப் பத்து நிமிடத்துக்கு முன்னால் பச்சைத் துணிமேல் கொட்டிவிட்டு வந்திருந்தார். ஆனால் பக்கத்தில் நிற்பவளைப் பார்த்தபோது அந்தக் கணக்கெல்லாம் நிற்கவில்லை. அவள் நாலு நாள் மணலைக் கையால் தோண்டியது ஞாபகம் வந்தது. நகமெல்லாம் பிய்ந்து வந்தாள். அன்றுகூட அவர், என்ன புதையலா கிடைத்தது என்றுதான் கேட்டிருந்தார்.

"எழுதிடும்மா," என்றார். "நானூத்திப் பன்னெண்டுன்னு எழுதிடு. மீன் போனா போகட்டும். நான் தாங்கிக்கறேன். சத்தியமா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

அவள் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவைத் திறந்தாள். எழுதப்போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார்; எழுத வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டார். அவளுக்கும் அந்த நினைப்பு இருந்திருக்க வேண்டும். பேனா முனை கட்டத்துக்கு மேல் வெகுநேரம் நின்றது.

"ஜனவரி முப்பத்தெட்டுன்னு ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா நான்தான் வாசிச்சேன்," என்றாள். "வாசிச்ச மீனை இப்ப ஒரு பொய் எழுதி எப்படிங்க இல்லாம ஆக்கறது?"

அவர் அவள் கையிலிருந்த பேனா மூடியை வாங்கிக்கொண்டார்.

"அழுகையா வருது," என்றாள், வானிலை சொல்வது போல. "ஆனா எழுத வரல."

உள்ளே போனார்கள். தலைவர் பிஸ்கட் துகளைத் தட்டிவிட்டுப் படிவத்தை வாங்கிப் பார்த்தார். எண்ணிக்கைக் கட்டத்தில் 1 அப்படியே இருந்தது. எல்லாம் சரி, ஒன்று மட்டும் குறைகிறது என்றார். ஓர் இடத்திலிருந்து ஓர் இனத்தை அகற்றுவதென்றால், இருக்கிற எண்ணிக்கை சரிதான் என்று இரண்டு கணக்கெடுப்பு அலுவலர்கள் சான்று தர வேண்டும். ஒரு கையெழுத்துதான் இருக்கிறது. ஒன்பது வருடமாக அந்த எண்ணுக்குப் பக்கத்தில் யாரும் கையெழுத்துப் போட்டதில்லை. போட்டால் தன் தலையில் விடியும் என்று எல்லோருக்கும் பயம். இப்போது போடலாம், இப்போது போட்டால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை, செடியைத் தவிர. தலைவர் மேசையைச் சுற்றிப் பார்த்தார்.

"அட, நீங்களே இருக்கீங்களே சார்! நீங்கதான் கணக்கெடுப்புல மூத்தவர். போடுங்க."

படிவம் திருக்கைக்காரர் முன்னால் வந்தது. 'மேற்படி எண்ணிக்கையை நான் அறிவேன், அது உண்மை என்று உறுதி கூறுகிறேன்' என்று அச்சடித்திருந்தது. அதற்கு மேலே மனைவியின் கையெழுத்து, அதற்கும் மேலே அவள் எழுதிய 1. மெலிந்த, நேரான கோடு. அது உண்மை என்று உலகத்தில் முதன்முதலாக ஒருவர் ஒத்துக்கொள்ளப்போகிறார்; அந்த ஒத்துக்கொள்ளலோடு அந்தச் செடியும் முடியப்போகிறது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய கையெழுத்து. அன்று போட்டிருந்தால் மேட்டைச் சுற்றி வேலி போட்டிருப்பார்களோ என்னவோ. அன்று அவர் கேன்டீனில் இருந்தார்.

பேனாவை எடுத்தார். முதல் எழுத்தே கோணிக்கொண்டு கட்டத்துக்கு வெளியே போனது. நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்காமல் அவர் பக்கமாகக் குனிந்து, எழுத்தைச் சரிபார்த்தாள்.

"எழுத்து கோணுது பாருங்க," என்றாள் மெதுவாக. "நிதானமா, சரியாப் போடுங்க. இல்லேன்னா தப்புன்னு திருப்பி அனுப்பிடுவாங்க."